சுதந்திராக் கட்சி ஏன் நிலைக்கவில்லை?

1967இல் மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக 44 உறுப்பினர்களுடன் அமர்ந்த சுதந்திராக் கட்சி, ஏழே ஆண்டுகளில் பெயர்கூட மிஞ்சாமல் போனது எப்படி, அதை நிறுவிய ராஜாஜியின் மறைவுதான் அதற்குக் காரணமா என்பது கேள்வி. ராஜாஜி காலமானது 1972 டிசம்பர் 25ஆம் நாள். அதற்கு இருபது மாதங்களுக்கு முன்பே, 1971 மார்ச் தேர்தலில், கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கிவிட்டது. ஆகவே தலைவர் போனதால் கட்சி போயிற்று என்ற விளக்கம் கால வரிசைக்கே பொருந்தாது. அது மன்னர்களும் பணக்காரர்களும் நடத்திய கட்சி, ஆகையால் மக்கள் ஒதுக்கினார்கள் என்ற இன்னொரு விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் கட்சியின் கொள்கை அதற்கே சொந்தமானது, வாக்குகளில் பெரும்பகுதியோ இரவல் வாங்கியவை என்பதுதான் என் முடிவு. இரவல் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, எதிர்த்து நிற்கக் கட்சிக்குக் கால் இல்லாமல் போயிற்று.

தொடக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் முடிவு விளங்கும். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, இந்திய வேளாண்மையின் எதிர்காலம் கூட்டுறவுக் கூட்டுப் பண்ணையே என்று தீர்மானித்தது. நிலங்கள் ஒன்றாகச் சேர்க்கப்படும். பட்டா உரியவரிடமே இருக்கும். விளைச்சலின் நிகர வருவாயில் நிலத்தின் அளவுக்கேற்ப ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். நிலம் உள்ளவரோ இல்லாதவரோ, வயலில் உழைத்தவருக்கு உழைப்புக்கேற்ப ஒரு பங்கு உண்டு. நில உச்சவரம்புச் சட்டங்களை அந்த ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும் என்பதும் தீர்மானத்தில் இருந்தது. தாளில் படிக்கும்போது இது மென்மையாகத்தான் தெரியும். ஆனால் வரப்பை அழித்துவிட்டால், பட்டாவில் உள்ள பெயருக்கு என்ன பொருள் என்று ஐந்து ஏக்கர் வைத்திருந்த குடியானவர் கேட்டது நியாயமான கேள்வி. சீனாவில் மக்கள் கம்யூன்கள் அமைக்கப்பட்டு ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. காங்கிரசுக்குள்ளேயே உத்தரப் பிரதேசத்தின் சரண் சிங் அந்தத் தீர்மானத்தை வெளிப்படையாக எதிர்த்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் அவர் மறுபடி வருகிறார்.

ஆந்திர விவசாயிகளின் தலைவரான என்.ஜி. ரங்கா காங்கிரசை விட்டு வெளியேறினார். பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் 1956இல் தொடங்கிய சுதந்திரத் தொழில் மன்றத்தைச் சேர்ந்தவர்கள் ஏற்கனவே அரசியல் துணை தேடிக்கொண்டிருந்தார்கள். சோஷலிஸ்டாகத் தொடங்கி, சோவியத் அனுபவத்தைப் பார்த்து அதிலிருந்து முற்றிலும் விலகிய மினூ மசானி அவர்களோடு இருந்தார். இவர்களையெல்லாம் சேர்த்துக் கட்ட ஒரு பெரிய மனிதர் தேவைப்பட்டார். சென்னையில் இருந்த ராஜாஜிக்கு அப்போது 80 வயது. 1952இல் சென்னை மாகாண முதலமைச்சரானவுடன் உணவு ரேஷனையும் தானியக் கட்டுப்பாட்டையும் துணிந்து நீக்கியவர் அவர். சந்தையைப் பற்றிய அவருடைய நம்பிக்கை 1959இல் திடீரென முளைத்ததன்று. அவருடைய ஆதரவாளர்கள் 1957இலேயே காங்கிரஸ் சீர்திருத்தக் குழு என்ற பெயரில் தனியாக நின்று, பிறகு இந்திய தேசிய ஜனநாயகக் காங்கிரஸ் என்று இயங்கிவந்தார்கள். 1959 ஜூன் 4ஆம் நாள் சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது, ஆகஸ்டு தொடக்கத்தில் பம்பாயில் ஆயத்த மாநாடு கூடியது. ரங்கா தலைவர், மசானி பொதுச் செயலாளர். கே.எம். முன்ஷி, சமஸ்தானங்களை இணைத்த பணியில் சர்தார் பட்டேலுக்கு வலக்கையாக இருந்த வி.பி. மேனன், தொழிலதிபர் ஹோமி மோடி ஆகியோர் உடன் வந்தார்கள். சின்னம் நட்சத்திரம்.

கட்சியின் அடிப்படைக் கோட்பாடுகள் இருபத்தொன்று. அவற்றில் கடைசியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அடிப்படைக் கோட்பாடுகளுக்கு வெளியே உள்ள எந்தப் பொருளிலும் உறுப்பினர் தம் கருத்துப்படி பேசவும் நடக்கவும் முழு உரிமை உண்டு என்று அது சொல்லிற்று. ஒரு தாராளவாதக் கட்சிக்கு இதைவிட நேர்மையான விதி இருக்க முடியாது. அதே விதிதான், எல்லாரும் அவரவர் வழியில் போகக் கதவையும் திறந்து வைத்தது. இந்தியை ஆட்சிமொழியாக்கும் ஏற்பாட்டை அரசியல் நிர்ணய சபையில் வகுத்தவர்களில் முன்ஷி ஒருவர். அதே இந்தியைத் தென்னாட்டில் மிகக் கடுமையாக எதிர்த்தவர் ராஜாஜி. இருவரும் ஒரே மேடையில் அமர்ந்திருந்தார்கள். மேற்கு நாடுகளோடு பாதுகாப்பு உறவு வேண்டும் என்றார் மசானி; அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி 1962இல் வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்தார் ராஜாஜி. பொருளாதாரத்தில் அரசின் கை நீளக்கூடாது என்ற ஒன்றில் மட்டும் எல்லாருக்கும் கருத்து ஒத்திருந்தது.

அந்த ஒன்றைத்தான் ராஜாஜி “பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்” என்ற சொல்லாட்சியாக்கிச் ‘சுயராஜ்யா’ ஏட்டில் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். இன்றைய இளைஞருக்கு இதன் கனம் தெரிய வாய்ப்பில்லை. 1951ஆம் ஆண்டுத் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதன் கீழ் வரும் தொழில் ஒன்றைப் புதிதாகத் தொடங்க லைசென்ஸ் வேண்டும். இருக்கும் ஆலையைக் கணிசமாக விரிவாக்கவும் லைசென்ஸ் வேண்டும். அதே ஆலையில் புதிய பொருள் ஒன்றைச் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். கோவையில் நூற்பாலை வைத்திருந்த ஒருவர், நூலுக்குத் தேவை இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது, வேலைக்கு ஆள் இருக்கிறது என்ற நிலையிலும், கதிர்களின் எண்ணிக்கையைக் கூட்ட டில்லிக்கு மனுப் போட வேண்டும். எந்திரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால் அதற்குத் தனி இறக்குமதி லைசென்ஸ். முடிவெடுக்கும் குமாஸ்தாவுக்கும் அமைச்சருக்கும் இலாப நட்டத்தில் பங்கில்லை, ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுக்கக்கூடியவர் பெரிய முதலாளிதான். இந்த ஏற்பாடு ஏழைக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் ஏற்கனவே உள்ளே இருக்கும் பெருநிறுவனங்களுக்குப் பாதுகாப்பாகிறது, ஆளும் கட்சியின் தேர்தல் நிதிக்கும் ஊற்றாகிறது என்று ராஜாஜி அன்றே சொன்னார். இதில் அவர் சொன்னது முற்றிலும் சரி என்றே நான் நினைக்கிறேன். பெருமுதலாளிகள் எல்லாரும் சுதந்திராக் கட்சியின் பின்னால் திரண்டார்கள் என்ற பேச்சும் தவறு. ஜே.ஆர்.டி. டாட்டா, ஆரோக்கியமான எதிர்க்கட்சி வேண்டும் என்பதற்காகக் காங்கிரசுக்குக் கொடுப்பதுபோல் இந்தக் கட்சிக்கும் நிதி கொடுக்கப்போவதாக 1961இல் நேருவுக்கே எழுதித் தெரிவித்தார். ஜி.டி. பிர்லாவோ காங்கிரசோடுதான் நின்றார். தொழிலதிபர்கள் சுதந்திராவை ஆதரிப்பதை அவர் விரும்பவில்லை.

இனி வாக்குகளுக்கு வருவோம். 1962 பொதுத் தேர்தலில், பிறந்து மூன்றாண்டுகூட ஆகாத கட்சி மக்களவையில் 18 இடங்களையும் ஏறத்தாழ 8 விழுக்காடு வாக்குகளையும் பெற்றது. பிகார், ராஜஸ்தான், குஜராத் சட்டமன்றங்களில் முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. இந்த வெற்றியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் கவலை வருகிறது. பிகாரில் கிடைத்த 50 இடங்கள் ராம்கர் ராஜா காமாக்யா நாராயண் சிங்கின் சொந்தச் செல்வாக்கில் வந்தவை. அவர் தம் ஜனதா கட்சியை அப்படியே கொண்டுவந்து சேர்த்தார், சில ஆண்டுகளில் அப்படியே எடுத்துக்கொண்டும் போனார். 1967இல் பிகாரில் கட்சி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஒரிசாவில் ஆர்.என். சிங் தேவின் கணதந்திர பரிஷத் கட்சி, தேர்தல் முடிந்த பிறகு, அமைப்போடும் உறுப்பினர்களோடும் வந்து இணைந்தது. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 வாக்குகள் பெற்று, கின்னஸ் புத்தகத்தில் இடம்பெறும் அளவுக்கு வென்றார். அந்த வாக்காளர்கள் திட்டக் குழுவின் முதலீட்டு விகிதத்தை எதிர்த்தா வாக்களித்தார்கள்? தங்கள் அரசகுடும்பத்துப் பெண் வாசலுக்கு வந்து நிற்கிறார் என்பதற்காக வாக்களித்தார்கள். அதே ராஜஸ்தானில், ஜாகீர் எனப்பட்ட பிரபுக்களின் நில உரிமை ஒழிக்கப்பட்டதால் நிலம் பெற்ற ஜாட் குடியானவர்கள், கட்சி தங்களைப் போன்ற நிலச் சொந்தக்காரர்களுக்காகவே பேசியபோதும், மேடையில் ராஜபுத்திரப் பிரபுக்களைக் கண்டு பெரும்பாலும் காங்கிரசோடு நின்றார்கள். மன்னர்களும் ஜமீன்தார்களும் கூடிய கட்சி என்று நேரு சாடியபோது, அதை மறுக்க மசானியிடம் வாதம் இருந்தது. ஜெய்ப்பூர் மேடையின் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்தவருக்கு அந்த வாதம் எடுபடவில்லை.

குஜராத்தை மட்டும் நான் வேறாகப் பார்க்கிறேன். வல்லப் வித்யாநகரை எழுப்பிய பொறியாளரான பாய்லால்பாய் பட்டேல், பாய்காகா என்று ஊரே அழைத்தவர், கேடா மாவட்டத்துப் பாட்டிதார் விவசாயிகளிடையே கட்சியை வளர்த்தார். புகையிலையும் பருத்தியும் பயிரிட்டு, கூட்டுறவுப் பால் சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தவர்கள் அவர்கள். தாங்களாக விரும்பிச் சேரும் கூட்டுறவுக்கும் அரசு தீர்மானம் போட்டு அமைக்கும் கூட்டுப் பண்ணைக்கும் உள்ள வேற்றுமையை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களோடு காலங்காலமாகப் பகைத்திருந்த சத்திரியர்களின் சபையும் ஒரே அணியில் சேர்ந்தது. 1967இல் குஜராத் சட்டமன்றத்தின் 168 இடங்களில் 66 கிடைத்தன. இங்கேதான் கட்சிக்கு ஊர்தோறும் ஆளும் உண்மையான வாக்காளரும் இருந்தார்கள். நாடு முழுவதும் இப்படிப் பத்து மாவட்டங்கள் அமைந்திருந்தால் கட்சியின் வரலாறு மாறியிருக்கும்.

தமிழ்நாட்டு நிலைமையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்சி பிறந்த ஊரிலேயே அது வேர்விடவில்லை. 1962 சட்டமன்றத் தேர்தலில் 6 இடங்களே கிடைத்தன. கம்பன் கழகத்தைக் கட்டிய சா. கணேசன் காரைக்குடியில் வென்றது அவற்றுள் ஒன்று. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று திராவிட இயக்கம் எதிர்த்துப் போராடியதும், அதனால் அவர் 1954இல் பதவி விலகியதும் மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தன. லைசென்சை எதிர்த்து அவர் பேசியதைக்கூட, பலர் அந்தப் புண்ணின் வழியாகவே கேட்டார்கள். இந்த இடத்தில்தான் அவர் தி.மு.க.வின் பக்கம் திரும்பினார். இந்தி எதிர்ப்பும் காங்கிரஸ் எதிர்ப்பும் இருவருக்கும் பொது. 1967இல் அண்ணாதுரை அமைத்த கூட்டணியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுகளும் சுதந்திராக் கட்சியும் ஒன்றாக இருந்தார்கள். நிலத்தைப் பங்கிட வேண்டும் என்பவர்களும் நிலத்தைத் தொடக்கூடாது என்பவர்களும் ஒருவருக்கொருவர் வாக்குக் கேட்டார்கள். பலன் கிடைத்தது: சட்டமன்றத்தில் 20 இடங்கள், மக்களவையில் 6. ஆனால் தி.மு.க. தனியாகவே 137 இடங்கள் பெற்று ஆட்சியமைத்தது, அதற்குத் துணையின் தேவை இருக்கவில்லை. உதயசூரியன் வெளிச்சத்தில்தான் நட்சத்திரத்துக்கு வாக்கு விழுந்தது என்பது 1971இல் தெளிவாயிற்று. அம்முறை ராஜாஜி, அரசியல் வாழ்வில் பெரும்பகுதி தமக்கு எதிரணியில் நின்ற காமராசரோடு கைகோத்துத் தி.மு.க.வை எதிர்த்தார். சட்டமன்றத்தில் 20 இடம் 6 ஆயிற்று. மக்களவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூடச் செல்லவில்லை. அந்த ஆண்டே மதுவிலக்கைத் தளர்த்தத் தி.மு.க. அரசு முடிவெடுத்தபோது, 92 வயது ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று, அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவர் அவர். அந்த வேண்டுகோளுக்குப் பின்னால் சட்டமன்றத்தில் வலிமை ஏதும் மிச்சமிருக்கவில்லை. கேட்டது கேட்டதாகவே போயிற்று.

நாடாளுமன்றப் பணியை மட்டும் பார்த்தால் இவ்வளவு விரைவில் இந்தக் கட்சி மறைந்திருக்கக்கூடாது. 1963இல் ராஜ்கோட் இடைத்தேர்தலில் வென்று வந்த மசானி, வரவுசெலவுத் திட்ட விவாதங்களுக்கு எண்களோடும் மாற்றுத் திட்டத்தோடும் வந்தார். 1967இல் பொதுக் கணக்குக் குழுவின் தலைமை முதன்முறையாக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது, அவர் மசானிதான். அந்த மரபு இன்றுவரை தொடர்கிறது. 1964இல் அரசியல் சட்டத்தின் பதினேழாவது திருத்தம் உழவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டிய ரயத்துவாரி நிலங்களையும் ‘எஸ்டேட்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தபோது, இது ஜமீன்தாரைப் பற்றியதன்று, நம்மூர்ப் பட்டாதாரரைப் பற்றியது என்று ஊர் ஊராகச் சொன்னது இந்தக் கட்சி. சொந்தமாகப் பயிரிடும் நிலத்தை உச்சவரம்புக்குள் எடுத்தால் சந்தை விலைக்குக் குறையாத இழப்பீடு தர வேண்டும் என்ற காப்பும் அதே திருத்தத்தில் இடம்பெற்றது. மதத்தை முன்வைக்காமல், பொருளாதாரத்தையும் தனிமனித உரிமையையும் முன்வைத்து வலதுசாரி அரசியல் செய்ய முடியும் என்று காட்டிய அகில இந்தியக் கட்சி இது ஒன்றே. அதனால்தான் அதன் தோல்வி எனக்கு வருத்தம் தருகிறது.

ஆனால் அந்தக் கட்சியின் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். சொத்துரிமையைக் காப்போம் என்பது சொத்து உள்ளவரிடம் பேசும் பேச்சு. தஞ்சைக் கழனியில் கூலிக்கு நாற்று நட்ட பெண்ணிடமும், பிகாரில் வாரத்துக்குப் பயிரிட்ட குத்தகையாளரிடமும் சொல்ல அதனிடம் என்ன இருந்தது? கட்டுப்பாடு நீங்கினால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் வேலை வரும் என்றது கட்சி. அது உண்மையாகவே இருக்கலாம், ஆயினும் அடுத்த அறுவடைக்குள் கிடைக்கும் பயன் அன்று. எதிர்த்தரப்பு கூட்டுப் பண்ணையில் உழைப்புக்கொரு பங்கு என்று சொன்னது. அது நடக்காத வாக்குறுதிதான், என்றாலும் அவர்களைப் பெயர்சொல்லி அழைத்த வாக்குறுதி. நிலமற்றவர்களுக்கென்று இந்தக் கட்சி தனியாக ஒரு திட்டம் வகுத்து ஊருக்குள் கொண்டுபோனதாக நான் காணவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் இந்திரா காந்தி நடந்தார். 1969இல் கம்பெனிகள் அரசியல் கட்சிகளுக்கு நிதி கொடுப்பதைச் சட்டம் தடை செய்தது. ஆளும் கட்சிக்குப் பணம் வர வேறு வழிகள் இருந்தன, கணக்கில் எழுதி வாங்கிவந்த சுதந்திராக் கட்சிக்கு இல்லை. அதே ஆண்டு ஜூலை 19ஆம் நாள் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் தேர்தல். சுதந்திராவும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தியிருந்தன. அவர்களின் இரண்டாம் விருப்ப வாக்குகளைச் காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டிக்குக் கேட்டு காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா பேசினார், அதையே காரணமாகக் காட்டி மனச்சாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னது பிரதமரின் அணி. அந்த அணி ஆதரித்த வி.வி. கிரி வென்றார், காங்கிரஸ் பிளந்தது. சுதந்திராக் கட்சிக்கு இந்தப் பிளவு நல்ல வாய்ப்பு என்று அப்போது பலர் எண்ணினார்கள். நடந்தது நேர்மாறு. காங்கிரசின் பழமைவாதிகள் ஸ்தாபன காங்கிரஸ் என்ற தனிக் கட்சியாகி, சுதந்திரா நின்ற அதே நிலத்தில், அதைவிட வலுவான ஊர் அமைப்போடு வந்து நின்றார்கள். குஜராத்தில் அவர்களே ஆளும் கட்சி. பாய்காகா வளர்த்த வாக்காளருக்குப் பழைய வீடு திரும்பக் கிடைத்தது.

நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றிகளும் தேர்தலில் தீங்காகவே முடிந்தன. வங்கி நாட்டுடைமைச் சட்டத்தை எதிர்த்து, சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த ருஸ்தம் கவாஸ்ஜி கூப்பர் தொடுத்த வழக்கில் நானி பல்கிவாலா வாதாடினார், 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பத்துக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. நாலே நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது. முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா மாநிலங்களவையில் நூலிழையில் தோற்றது, மன்னர்களின் அங்கீகாரத்தை நீக்கிய குடியரசுத் தலைவரின் ஆணையையும் டிசம்பர் 15ஆம் நாள் நீதிமன்றம் தள்ளியது. இரண்டு வாரத்துக்குள் மக்களவை கலைக்கப்பட்டது. சட்டப்படி சரியான பக்கத்தில் நின்ற கட்சி, மக்கள் கண்ணுக்கு வங்கிக்காரருக்கும் மகாராஜாவுக்கும் வக்கீலாகத் தெரிந்தது. அந்நிலையில் ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம், சம்யுக்த சோஷலிஸ்டு ஆகியவற்றோடு மகா கூட்டணி சேர்ந்தது பெரும் பிழை. “வறுமையே வெளியேறு” என்ற முழக்கத்துக்கு எதிராக “இந்திராவே வெளியேறு” என்பதைத்தான் அந்தக் கூட்டணியால் வைக்க முடிந்தது. சோஷலிசத்தை எதிர்க்கப் பிறந்த கட்சி சோஷலிஸ்டுகளோடு சேர்ந்து வாக்குக் கேட்டபோது, அதனிடம் சொந்தமாக இருந்த ஒரே பொருளான கொள்கையும் கைவிட்டுப் போயிற்று. வாக்கு 8.7 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாயிற்று. மசானி ராஜ்கோட்டில் தோற்றுத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரிசாவில் நான்காண்டு முதலமைச்சராக இருந்த சிங் தேவின் அரசு அத்தேர்தலுக்குச் சற்று முன்பே கவிழ்ந்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இருபத்தாறாவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. ரங்கா பின்னாளில் காங்கிரசுக்கே திரும்பினார்.

1974 ஆகஸ்டில், பீலூ மோடி தலைமையில் எஞ்சியிருந்தவர்கள் பாரதீய லோக் தளத்தில் இணைந்தார்கள். அதன் தலைவர் சரண் சிங்; நாகபுரித் தீர்மானத்தைக் காங்கிரசுக்குள் இருந்தே எதிர்த்த அதே சரண் சிங். நடுத்தர விவசாயி என்ற உறுதியான சாதி, ஊர், உறவுத் தளம் அவரிடம் இருந்தது; சுதந்திராக் கட்சி பதினைந்து ஆண்டுகளாகத் தேடியது அதைத்தான். குஜராத்தில் அக்கட்சியின் தூணாக இருந்த எச்.எம். பட்டேல் 1977இல் ஜனதா அரசின் நிதியமைச்சரானார். கூட்டுப் பண்ணைத் திட்டம் எங்கும் வேரூன்றவில்லை, தொழில் லைசென்ஸ் முறையின் பெரும்பகுதி 1991 ஜூலையில் நீக்கப்பட்டது. அதை நீக்கியது காங்கிரஸ் அரசு. ஆனால் 1976இல் அரசியல் சட்ட முகவுரையில் ‘சோஷலிச’ என்ற சொல் சேர்க்கப்பட்டதும், 1988இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டதும் அப்படியே நிற்கின்றன. இன்று அதே பெயரில், அதே இருபத்தொரு கோட்பாடுகளோடு யாராவது ஒரு கட்சியைத் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யப் போனால், சோஷலிசக் கொள்கையிடம் உண்மையான பற்றும் விசுவாசமும் கொண்டிருப்போம் என்று தங்கள் கட்சி விதிகளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.